ரேகை இல்லாத பெருவிரல்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் ஜெயராமனுக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் அந்தப் பித்தளைப் பெட்டியோடு போயிற்று. பெட்டிக்குள் கரி. சூடு பதமா என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி இடது கை. தண்ணீர் டப்பாவில் விரலைத் தோய்த்துப் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டுவார். 'சுர்' என்று சட்டென்று அடங்கினால் பருத்திக்கு ஆகும். காலரைத் தேய்க்கும்போது இடது பெருவிரல் மடிப்பை நீவிக்கொண்டே முன்னால் ஓடும். பெட்டி அதைத் துரத்திக்கொண்டே பின்னால் வரும். எத்தனையோ தடவை பெட்டி ஜெயித்திருக்கிறது.

எதிர்ச்சாரியில் ஐந்து மாடி அபார்ட்மென்ட். அதன் பேஸ்மென்டில், மின்விசிறியும் பூட்டுப் போட்ட கதவும் உள்ள ஓர் அறையில், ரவிக்குமாரும் இஸ்திரிதான் போட்டான். அவனிடம் இருந்தது மின்சாரப் பெட்டி. பருத்தி, பட்டு, நைலான் என்று எழுதிய திருகு ஒன்று அதில் உண்டு. திருகினால் போதும், விரலுக்கு வேலையில்லை.

ரவிக்குமார் ஜெயராமனின் மனைவி வள்ளியம்மாவின் கூடப் பிறந்த தம்பி. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து அவனைப் பெங்களூருக்கு அழைத்து வந்ததும், மூட்டை கட்டவும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பழக்கியதும் ஜெயராமன்தான். அந்த அபார்ட்மென்ட் முழுக்க ஒரு காலத்தில் ஜெயராமனிடம் துணி போட்ட வீடுகள். கரிப் புகை ஆகாது என்று அசோசியேஷன் சொன்னது. சொன்ன ஒரே வாரத்தில் ரவி மின்சாரப் பெட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக, பெட்டியை நிமிர்த்தி வைக்கும் ஒவ்வொரு முறையும் ஜெயராமனின் கண் அந்தப் பேஸ்மென்ட் வாசலுக்குத் தானாகப் போகும். உள்ளே எத்தனை மூட்டை போகிறது என்று பார்க்கும். மழைக்காலத்தில் தன் வண்டிக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டும்போது, அந்த மின்விசிறி சுற்றும் சத்தம்கூடக் கேட்பதுபோல இருக்கும்.

அந்த அபார்ட்மென்டில் ஜெயராமனுக்கு மிஞ்சிய வீடு ஒன்றே ஒன்று, மூன்றாவது மாடி தேசிகன் சார். பருத்திச் சட்டைக்குக் கரிப்பெட்டி மடிப்புதான் வேண்டும் என்பார். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இவர் ஒரு கம்பெனியில் கணக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஷேர் மார்க்கெட்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில், ஊரடங்குக்கு முந்தைய நாள், ஜெயராமன் சட்டைகளைக் கொண்டுபோனபோது தேசிகன் சோபாவில் சாய்ந்து கிடந்தார். டி.வி. முழுக்கச் சிவப்பு எண்கள்.

"பதினெட்டு லட்சம் போச்சு ஜெயராமா. ஒரு மாசத்துலே."

பதினெட்டு லட்சம் இருந்தால்தானே போகும் என்று ஜெயராமனுக்குத் தோன்றவில்லை. சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். "வந்துடும் சார், மனசை விட்டுடாதீங்க" என்றார். அன்றைய துணிக்குக் காசு கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் ஊர் மூடியது. வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு மடிப்புக் கலையாத பேன்ட் எதற்கு? மே மாதம் வண்டியைத் திறந்தபோது வந்தவை சட்டைகள் மட்டும்தான். கேமராவில் தெரிவதுவரைதான் நாகரிகம். வருமானம் கால்பங்குக்கு இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் கர்நாடக அரசு அறிவித்தது: டோபிகளுக்கும் முடிதிருத்துவோருக்கும் ஆட்டோ, டாக்சி டிரைவர்களுக்கும் ஒரு தடவை ஐயாயிரம் ரூபாய். டெல்லியில் இருபது லட்சம் கோடி என்றார்கள். அந்த இருபது லட்சம் கோடி தொம்மலூருக்கு எந்த வழியாக வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயாயிரம் புரிந்தது.

மாமனும் மச்சானும் ஒரே நாளில், பக்கத்து ஈஜிபுராவில் லாயிட் நடத்தும் சைபர் சென்டருக்குப் போனார்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும், இருவருக்கும் இணைந்திருக்கவில்லை. அதற்கு விரல் ரேகை வேண்டும். ரவி பெருவிரலை வைத்தான். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெயராமன் வைத்தார். சிவப்பு.

"துடைச்சுட்டு வைங்கண்ணா" என்றான் லாயிட். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், வலது கை. கரித்துண்டைக் கையாலேயே எடுத்துப் போட்ட வலது கையும் சிவப்புத்தான்.

லாயிட் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, உங்களுக்கு ரேகையே இல்லையே. தேய்ச்ச சோப்பு மாதிரி இருக்கு."

"என்னமோ பாரு தம்பி, முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச விரல்தான்."

"எனக்குத் தெரியுதுண்ணா. மெஷினுக்குத் தெரியலியே."

நான்கு தடவை போனார். மே, ஜூன். பாலில் ஊறவைத்துக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னார், எலுமிச்சை தேய் என்று இன்னொருவர். கடைசித் தேதி தாண்டிப்போயிற்று. டோபிக்கென்று அரசாங்கம் கொடுத்த பணம், டோபி வேலை விரலைத் தின்றவனுக்குக் கிடைக்கவில்லை. விரல் நோகாதவனுக்குக் கிடைத்தது. இதில் விதி எதுவும் கிடையாது. அந்தத் திட்டத்தை எழுதிய மேஜையில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவன் ஒருவனும் இல்லை, அவ்வளவுதான்.

ரவி அந்த ஐயாயிரத்தைச் செலவழித்திருந்தால் ஜெயராமனின் வயிறு சீக்கிரம் ஆறியிருக்கும். அவன் அதைத் தேசிகன் சாரிடம் கொண்டுபோனான். அவர் போனில் கணக்குத் திறந்து கொடுத்து, மருந்துக் கம்பெனி ஒன்றின் ஷேரைக் காட்டினார். ஆகஸ்டில் ஐயாயிரம் ஏழாயிரமாயிற்று. டிசம்பரில் பதினோராயிரம்.

"மாமா, பச்சை பார்த்தியா, பச்சை!" என்று போனை வண்டிக்கு மேல் நீட்டினான் ரவி. லாயிட் கடையில் எரிந்த அதே பச்சை.

"ஆமா, கொத்தமல்லி கணக்கா இருக்கு. எடு போனை, சூடு படும்."

வீட்டில் வள்ளியம்மா பேச்சு வேறு. "என் தம்பியப் பாருய்யா. ஐயாயிரத்தக் குட்டி போட வச்சுட்டான். நீயும் இருக்கியே, ஒரு விரல் வைக்கத் தெரியல உனக்கு."

தலைதீபாவளிக்கு அவள் வீட்டில் போட்ட மோதிரம் அந்தக் கையில்தான் இருந்தது. ஜெயராமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பணம் வராதது பழகிவிட்டது. அவனுக்கு வந்ததுதான் பழகவில்லை. அவனுக்கும் வராமல் இருந்திருந்தால், ஜெயராமன் அரசாங்கத்தை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அடுத்த நாள் தேசிகன் வீட்டுக்குப் போனபோது அவர் முகம் பளபளவென்று இருந்தது.

"போனதெல்லாம் வந்துடுத்து ஜெயராமா. அதுக்கு மேலேயும் ஒரு மடங்கு. எப்படின்னு கேளு. செவ்வாக்கிழமை ராகு காலம் மூணுலேர்ந்து நாலரை. மார்க்கெட் மூணரைக்கு மூடறது. அந்தக் கடைசி அரை மணி நான் கையே வைக்கறதில்லை."

வட்டியைக் குறைத்தார்கள், உலகமெங்கும் அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டின, போட வேறு இடமில்லாத பணம் மார்க்கெட்டுக்கு ஓடியது. பெயரை மட்டும் ராகு தட்டிக்கொண்டு போனான்.

"ஆனா ஒண்ணு" என்றார் தேசிகன். "சும்மா உக்காந்திருக்கறவாளுக்கெல்லாம் ஐயாயிரம் ஐயாயிரம்னு வாரி விட்டா நாடு எப்படிப்பா உருப்படும்? உன்னைச் சொல்லலை."

"எனக்கு வரலை சார்."

"பார்த்தியா, அதையும் ஒழுங்காக் குடுக்கலை! உன் மச்சினன் கெட்டிக்காரன், வாங்கிப் போட்டுட்டான். சரி, சட்டைக்கு ஒரு ரூபா கொறைச்சுக்கோயேன். எல்லாருக்கும் கஷ்ட காலம்."

ஜெயராமன் குறைத்துக்கொண்டார். மார்ச் மாதத்துத் துணிக்காசை அவரும் கேட்கவில்லை, தேசிகனுக்கும் ஞாபகமில்லை. படியிறங்கும்போது நெஞ்சு எரிந்தது. எரிந்தது எதற்கு? மூன்றாவது மாடியின் முப்பத்தாறு லட்சத்துக்கு அல்ல. பேஸ்மென்டின் பதினோராயிரத்துக்கு. பொறாமைக்குக் கழுத்து வளையாது. தன் உயரத்தில் இருப்பதைத்தான் பார்க்கும். மேலே இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல காவல் வேறு இல்லை.

அன்று மாலையே வார்டு ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனார். கன்னடத்தில் எழுதச் சொன்னார்: ரவிக்குமார் டோபி அல்ல, ஷேர் வியாபாரி; பொய் சொல்லி நிவாரணம் வாங்கியிருக்கிறார்; விசாரிக்க வேண்டும். எழுதும்போதே அவர் மனம் பேஸ்மென்டுக்குள் போய்விட்டது. ஏமாற்றுக்காரன் என்று அசோசியேஷன் அவனை வெளியே தள்ளும். அந்த அறை காலியாகும். கடன் வாங்கியாவது ஒரு மின்சாரப் பெட்டி. மின்விசிறிக்குக் கீழே தான்.

"பேரு?"

"பேரு வேணாம். ஒரு பொதுஜனம்னு போடுங்க."

"கையெழுத்தோ ரேகையோ இல்லாம வாங்க மாட்டாங்க."

ஜெயராமன் தன் பெருவிரலைப் பார்த்தார். இது யாருடைய விரலும் அல்ல என்று மெஷினே நான்கு தடவை சொல்லியாயிற்று. அப்புறம் யார் கண்டுபிடிக்க முடியும்? மையில் அழுத்தி, தாளில் பதித்தார்.

ஜனவரி மாதம் ஒரு முற்பகல். வார்டு ஆபீஸ் பத்ரிநாத் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். கூடவே அசோசியேஷன் செக்ரட்டரி நிருபமா, கையைக் கட்டிக்கொண்டு. ரவி பேஸ்மென்ட் வாசலில் வியர்த்துப்போய் நின்றான்.

"கம்ப்ளைன்ட் நிஜம்னா இன்னைக்கே ரூமைக் காலி பண்ணணும் ரவி" என்றார் நிருபமா. "போலீஸ் கீலீஸ் எல்லாம் இங்கே வரக் கூடாது."

பத்ரிநாத் எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையசைத்தார். "ஏய் ஸ்வாமி, நீங்களும் இஸ்திரிதானே? பா இல்லி, கொஞ்சம் வாங்க. இந்த ஆளு டோபியா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

ஒரு வார்த்தை. இல்லை என்றால் போதும். தெரியாது என்றாலும் போதும். ஜெயராமன் அறைக்குள் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் பாதி தேய்த்த சட்டை ஒன்று கிடந்தது. அதன் காலர் அவர் கண்ணில் பட்டது. முனை சுருண்டு, மடிப்பு கோணலாக, அவ்வளவு மோசமாக. முப்பத்தொரு வருஷத் தொழில் அவருக்குள்ளிருந்து வாயைத் திறந்தது.

"டோபிதான் சார். பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். காலர் தேய்க்க மட்டும் வராது, தரித்திரம் புடிச்சவன். மத்தபடி டோபிதான்."

"அப்போ இது யாரு போட்டது?" பத்ரிநாத் மனுவை விரித்தார். அடியில் ஒரு நீலக் கறை. சுழி இல்லை, கோடு இல்லை. வழுவழுப்பான ஒரு முட்டை.

ரவி குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து ஜெயராமனைப் பார்த்தான். தொம்மலூர் முழுக்க அப்படி ஒரு பெருவிரல்தான் உண்டு. ஜெயராமன் கையை லுங்கி மடிப்புக்குள் ஒளித்தார். ரவி அதைப் பிடித்து வெளியே இழுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சார், இந்தக் கையப் பாருங்க. பொட்டி தின்ன கை. எனக்குக் குடுத்தீங்களே ஐயாயிரம், இந்தக் கைக்கு ஏன் குடுக்கல? மொதல்ல அத எழுதிக்குங்க."

பத்ரிநாத் கையைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். புரிந்தது. "ஐயோ, வீட்டுச் சண்டையா? கடைசித் தேதி முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு ஸ்வாமி. நான் என்ன எழுதறது?" மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நிருபமா இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனார். அறைக்கு ஆபத்து நீங்கியது.

ஜெயராமன் சாலையைக் கடந்து வண்டிக்கு வந்தார். ரவி பின்னாலேயே வந்தான்.

"என் ரூமைப் புடுங்கப் பார்த்தியே மாமா."

ஜெயராமன் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினார்.

"கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேனே."

"அதனாலதான்டா கேக்கல."

ரவி பெட்டியைப் பார்த்தான். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. என்ன நினைத்தானோ, தண்ணீர் டப்பாவில் இடது பெருவிரலைத் தோய்த்தான். ஜெயராமன் "டேய், டேய்" என்பதற்குள் பெட்டியின் அடியில் வைத்து அழுத்தினான். அந்த வண்டியில் மூட்டை மட்டும் சுமந்தவன், தட்டி எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

"அய்யோ! அம்மா!" என்று விரலை உதறிக்கொண்டு குதித்தான். "எப்படி மாமா தினமும் இத..."

மதியச் சோற்றோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்த வள்ளியம்மா தூக்குச்சட்டியை நடைபாதையில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்னடா ரவி, என்னடா ஆச்சு?" தம்பியின் கையைப் பிடித்து உஸ் உஸ் என்று ஊதினாள். பக்கத்துக் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, கொப்புளத்தின் மேல் பூப்போலத் தடவினாள். "எல்லாம் உன்னாலதான், பெட்டியை இப்படியா வைப்ப?" என்று புருஷனை ஒரு அதட்டல் வேறு.

ஜெயராமன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருஷம். எத்தனை கொப்புளம். ஒன்றுக்காவது அவள் இப்படி ஓடி வந்து எண்ணெய் தடவியதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

அவருக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.