இடது கன்னம் தாமதமாக வருகிறது

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயில் தானாக ஒழுகியது. நைட்டியின் கழுத்து நனைந்த பிறகுதான் கவனித்தேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஏட்டி, என்ன மூஞ்சி ஒரு பக்கமா இழுக்குது? கைகால் அசையுதா?"

பக்கவாதம் என்றே பயந்து ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் ஓடினோம். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பாதி சுருங்கியது; இடது பாதி இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. முகவாதம் என்றார் (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது; மூளைக்கு ஒன்றுமில்லை). ஸ்டீராய்டு (வீக்கம் குறைக்கும் மருந்து) கொடுத்தார். கண் மூடாததால் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை ஒட்ட பிளாஸ்திரியும் தந்தார். உங்களுக்கும் இப்படி வந்தால், பஸ் ஜன்னல் காற்று பட்டுவிட்டது என்று எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

"பெரும்பாலும் சரியாயிரும். என்ன வேலை பாக்கீங்க?" என்றார்.

"ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன் சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சிரித்த முகம்தான் எங்கள் வேலை. மலைபோல் சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவர்களையும் சிரித்தே வழியனுப்ப வேண்டும்.

முதலாளி அண்ணாச்சி என் முகத்தை நேராகப் பார்க்காமலே பேசினார். "கொஞ்ச நாள் மேல குடோன்ல இரும்மா. கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கும்லா."

குடோனுக்கு ஏறியவர்கள் மறுபடி கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சுந்தரபாண்டியத்தில் வீட்டுக்காரரின் பெரியப்பா தவறிவிட்டார். என் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று பந்தியில் சத்தம் போட்டவர். துக்கம் கேட்கப் போன இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. மூடாத இடது கண் மட்டும் தன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "மருமவளுக்கு எம்புட்டுப் பாசம், பாரு" என்று பெண்கள் என்னை அணைத்துக்கொண்டார்கள். கடையில் ஆகாத முகம் துட்டி வீட்டில் நல்ல பெயர் வாங்கியது. அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கோபம் வந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்பது இரண்டு இடத்திலும் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிசியோதெரபிக்கு (பயிற்சியால் தசையைப் பழக்கும் சிகிச்சை) ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். சிகிச்சை தந்த பெண் கண்ணாடி முன் உட்காரவைத்தாள்.

"நல்ல பக்கத்த விரலால புடிச்சுக்கோங்கக்கா. கொஞ்சமாச் சிரிங்க. பெருசாச் சிரிச்சா எல்லாம் அந்தப் பக்கமே போயிரும்."

கொஞ்சமாகச் சிரிக்க எனக்குத் தெரியவில்லை. பல வருடமாக என் வாய்க்கு ஒரே அளவுதான் பழக்கம். அதைக் குறைக்கப் படித்ததுதான் எனக்குப் பெரிய சிகிச்சை.

முகம் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் போதாமல் அண்ணாச்சி என்னைக் கீழே கூப்பிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்: சிரிக்கும்போது இடது கன்னம் ஒரு இமைப்பொழுது பிந்தி வருகிறது.

ஒரு அம்மா சேலைகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டே, "எடுத்துப் போடத்தான உன்னைய வச்சிருக்கு, மசமசன்னு நிக்க" என்றார். முன்பெல்லாம் பேச்சு காதில் விழுமுன் சிரிப்பு வந்துவிடும். இப்போது வலது பக்கம் கிளம்பிவிட்டது, இடது வரவில்லை. அந்த இடைவெளியில் அந்தப் பேச்சு உள்ளே போய்விட்டது. வலித்தது. வலது பக்கச் சிரிப்பையும் திருப்பி அழைத்துக்கொண்டேன்.

"நானும் மனுஷிதாம்மா. மெதுவாப் பாருங்க, காட்டுதேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில் ஒரு பச்சைச் சேலையைக் காட்டச் சொன்னார்.

சாயங்காலம் அண்ணாச்சி அருகில் வந்தார். "மூஞ்சி இன்னும் முழுசாச் சரியாகலையோம்மா?"

"சரியாயிருச்சு அண்ணாச்சி. இனிமே இப்பிடித்தான் இருக்கும்."

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். மறுநாளும் நான் கீழேதான் நின்றேன்.