என் பெயரில் ஓடிய லாஞ்சு

"இலங்கை அரசாங்கத்து மேல இங்கியே ஒரு கேஸ் போடு சார்" என்று ராயபுரம் வக்கீலிடம் மல்லுக்கு நின்றேன். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். "இன்னொரு நாட்டு அரசாங்கத்த நம்ம கோர்ட்டுக்கு இஸ்துகினு வர முடியாதும்மா. அவங்க கோர்ட்லயே போய் கேளு. ஓனர் நேர்ல வரணுமாம். ஓனர் நீதானே?"

நான்தான். காசிமேட்டில் எத்தனையோ மீன்பிடி லாஞ்சுகள் பெண்டாட்டி பெயரில்தான் ஓடுகின்றன. கடலுக்குப் போகிறவன் பெயரில் எழுதினால் கடலோடு போய்விடும், கரையில் இருப்பவள் பெயரில் எழுதினால் கரைக்குத் திரும்பும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. என் வீட்டுக்காரர் மீன் பின்னாலேயே போய் எல்லையைத் தாண்டிவிட்டார். அதை நான் மறைக்கப் போவதில்லை. இலங்கைக்காரர்கள் ஆட்களை விட்டுவிட்டு லாஞ்சை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுபடி மாட்டினால் ஜெயில் என்று சொல்லி அனுப்பியதில் அவருக்கு அந்தப் பக்கம் தலைவைக்கவே பயம்.

லாஞ்சு போனதைவிட, அவர் வீட்டில் உட்கார்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திட்டினால்கூடத் திருப்பித் திட்ட மாட்டார். இந்த மனுஷனுக்குத் தொழிலைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று, மீன் கூடையோடு மணலியைத் தாண்டாத நான் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறினேன்.

அங்கேயும் கோர்ட்டில் தமிழ்தான். அரசாங்க வக்கீல் எழுந்தார். "படகில மீன் போடுற அறை எத்தனை?" தெரியாது. "எஞ்சின் எந்தப் பக்கம்?" அதுவும் தெரியாது. "ஒருக்காவாவது அந்தப் படகில ஏறியிருக்கிறீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப நீங்கள் பேருக்குத்தான் உரிமையாளர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீதிபதியைப் பார்த்தே சொன்னேன். "பொம்பள ஏறுனா அப்பால அந்த போட்டு தொழிலுக்கு ஆவாதுங்க ஐயா. எங்க ஊர்ல எந்தப் பொம்பளையும் ஏற மாட்டா. அதுக்காக என் போட்டு இல்லன்னு ஆயிடுமா?"

பின் பெஞ்சில் உள்ளூர் மீனவப் பெண்கள் இருந்தார்கள். எங்கள் ஊர் லாஞ்சுகளால் வலை கிழிந்தவர்கள்; காலையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, "அது உண்மைதான் ஐயா. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்" என்றாள். நீதிபதி லாஞ்சை என்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்கட மனுசனை இனி இந்தப் பக்கம் விடாதீங்கோ" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

துறைமுகத்தில் பிடிபட்ட படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்களுடையதை நம்பரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது; உள்ளே தண்ணீர் நின்றது. பலகையைத் தொட்டால் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. கூட அழைத்து வந்த உள்ளூர் மெக்கானிக் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சின் உப்பில் இறுகிவிட்டதாம். கட்டி இழுத்துப் போனாலும் நடுக்கடலில் தாங்காதாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "இன்னாமே, ஜெயிச்சிட்டியாமே! வக்கீல் சொன்னாரு. போட்டு எப்டி கீது?" எத்தனையோ மாதம் கழித்து அந்தக் குரலில் உயிர் இருந்தது. போட்டு செத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கட்டையைப் பிடித்து ஏறினேன். தண்ணீர் முழங்கால் வரை வந்தது.

"சொல்லுமே, எப்டி கீது?"

"போட்டுலதான்யா நின்னுகினுகீறேன்."

அந்தப் பக்கம் அவர் அழ ஆரம்பித்தார். அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.