ஊதாக் கட்டம்

எங்கள் வீட்டுக்காரரை வேலை பார்க்கும் இடங்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "தாடை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தொழிற்சாலைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது அவர் தொழில். நீலத் துணி ஒன்று, முக்காலி ஒன்று, விளக்கு இரண்டு. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். இவர் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். கிளிக். அடுத்த ஆள். பகலெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, சாப்பிட உட்காரும்போது என்னிடமும் ஒரு தடவை சொல்லிவிடுவார். "என் தாடை என் இஷ்டத்துக்குத்தான் இருக்கும்" என்று நான் திருப்பிக் கொடுப்பேன்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. முகம் மட்டும் மறக்கவே மறக்காது. பஸ்ஸில் யாரையாவது உற்றுப் பார்த்து, "நீங்க மருந்து கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். உங்க இடது காது கொஞ்சம் பெரிசு" என்பார். கேட்டவர் காதைத் தடவிக்கொண்டே இறங்கிப் போவார். எனக்கு மானம் போகும்.

அந்த மருந்து கம்பெனியில்தான் கேமரா காலை வாரியது. வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, உள்ளே ஷட்டர் இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கைக்கு மாற்றாக இன்னொரு கேமரா இல்லாமல் இனி தொழில் இல்லை. புதிது வாங்க வழியும் இல்லை. பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "கொண்டு போய் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

செருப்பு வாங்கவே ஒரு மாதம் யோசிக்கிற மனுஷன். கேமரா என்றால் கேட்க வேண்டுமா? டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். காதருகே வைத்து ஷட்டர் சத்தத்தைக் கேட்டார். பிடியில் ரப்பர் பிசுபிசுக்கிறது, பேட்டரி மூடி ஆடுகிறது, மற்றபடி குறை இல்லை என்றார். "பொண்ணு பார்க்க வந்தப்போ என்னை இவ்வளவு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கேமராவின் திரையில் ஒரு முகம் தெரிந்தால் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டம் விழும். எனக்கு விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு விழுந்தது. செய்தித்தாளில் இருந்த மந்திரிக்குக்கூட விழுந்தது. மாலையில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், பத்தாவது படிக்கிறவள். பையைக்கூட இறக்கவில்லை, கேமராவை அவள் பக்கம் திருப்பினார். கட்டம் ஊதா நிறத்தில் விழுந்தது.

என்னைப் பிடித்தால் வெள்ளை. அவளைப் பிடித்தால் ஊதா. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் கட்டம் என்னை விட்டுவிட்டு அவளிடம் ஓடியது. மறுநாள் அவள் தெருமுனையில் தோழிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மாடி ஜன்னலிலிருந்து பிடித்துப் பார்த்தார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அத்தனை பெண்களுக்கு நடுவே, பாதி முகம் திரும்பியிருந்தவளை அந்த ஊதாக் கட்டம் தேடிப் போய் உட்கார்ந்தது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

"கேமராவுக்கு நம்ம பாப்பாவைத் தெரியுது போல" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மாடல்ல ஒரு முகத்தைப் பதிஞ்சு வைக்கலாம். அப்புறம் எவ்வளவு கூட்டத்துலயும் அது அந்த முகத்தைத்தான் முதல்ல பிடிக்கும். பள்ளிக்கூட விழாவுல பிள்ளைங்களை எடுக்கிறதுக்காக வெச்சது. மெமரி கார்டை அழிச்சாலும் இது போகாது. இது கேமராவுக்குள்ளயே இருக்கும். நிறைய பேருக்கு இது இருக்கிறதே தெரியாது."

நான் சிரிப்பை நிறுத்தினேன். "அப்போ யாரோ நம்ம பாப்பாவை..."

அவர் மெனுவுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார், பாப்பா வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் போன பிறகும் விடவில்லை. பதிந்த முகங்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு படம் இருந்தது.

என் மகள்தான். ஆனால் இன்னும் பத்து வயது கூடிய என் மகள். அதே நெற்றி, அதே மாதிரி ஒரு பக்கம் தூக்கிய புருவம். கழுத்து மெலிந்திருந்தது. நேராக எங்களையே பார்த்தாள். இனிமேல் வரப்போகிற முகத்தை யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சமையலறையில் அவள் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இது பாப்பா இல்ல. என் தங்கச்சி" என்றார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். யாரையோ விரும்பி வீட்டைவிட்டுப் போனவள். என் மாமனார் அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து, வீட்டில் இருந்த எல்லாப் படங்களிலிருந்தும் அவளை வெட்டி எடுத்துவிட்டார். ஒரு குடும்பப் படத்தில் இவர் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறது. கைக்குச் சொந்தக்காரியை நான் பார்த்ததே இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூட இவருக்குத் தெரியாது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்த இடத்தில் எல்லாம் விசாரித்தார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை. "இதை வாங்கிடறேன். மாத்துக் கேமராவா இல்ல, இனிமே எல்லா இடத்துக்கும் இதைத்தான் கொண்டு போகப் போறேன். எப்படியும் ஒருநாள் ஏதாவது ஒரு கம்பெனியில என் முக்காலியில வந்து உட்காருவா. ஊதா விழும்" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

யார் விற்றது என்று கேட்கக் கடைக்குப் போனார். கடைக்காரரே முந்திக்கொண்டு, "நல்ல வேளை வந்தீங்க. வித்த ஆளு திரும்பி வந்து கேட்கிறார். உங்க வீட்டு அட்ரஸைக் கொடுத்திருக்கேன், சாயங்காலம் வருவார். நீங்களே பேசிக்குங்க" என்றாராம்.

அவளுடைய புருஷனாகத்தான் இருக்கும். நாங்கள் தலைகால் புரியாமல் வீட்டை ஒழுங்கு பண்ணினோம். நாற்காலியைத் துடைத்தேன். மகளை டீ போடச் சொன்னேன். இவர் கேமராவைத் துடைத்து எடுத்து வர உள் அறைக்குப் போனார்.

வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில் மரியாதையாக இருந்தார். கழற்றிய செருப்பைக் குனிந்து, கையால் நேராக்கி வைத்தார். உட்காரச் சொன்னேன்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" நாத்தனாரைப் பற்றிக் கேட்க எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

"வீட்ல யாரும் இல்ல சிஸ்டர். அதுக்குத்தான் கேமரா வேணும்."

குரல் மெதுவாகத்தான் இருந்தது. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். "என் மனைவி போயிட்டா. போறதுக்கு முன்னாடி அவ படம் ஒண்ணு விடாம அழிச்சிட்டா. ஆல்பம், கம்ப்யூட்டர், என் போன், எல்லாம். என் வீட்ல அவ இருந்ததுக்கு அடையாளமே இல்லாம பண்ணிட்டா. இந்தக் கேமராவுக்குள்ள ஒரு முகம் இருக்கிறது மட்டும் அவளுக்குத் தெரியாது."

"ஏன் வித்தீங்க?"

"அலுத்துப் போச்சு. தினமும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல்னு இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் கண்ணு தவறவிடும், இது விடாது. ரெண்டு தடவை ஊதா விழுந்துச்சு. கிட்டப் போறதுக்குள்ள கூட்டத்துல மறைஞ்சிட்டா. கோபத்துல வித்துட்டேன். வித்ததிலேருந்து தூக்கம் இல்ல." கொஞ்சம் சிரித்தார். "கண்டுபிடிச்சா இந்தத் தடவை விட மாட்டேன்."

உள் அறையில் துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஒரு மெல்லிய கதவுதான் நடுவே இருக்கிறது. இவர் அத்தனையும் கேட்டிருப்பார்.  மகளை வெளியே வராதே என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் அவள் டீத் தட்டோடு வந்து நின்றாள்.

அவர் டீயை எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "பாப்பா யார் ஜாடை?" என்றார்.

"எங்க அக்கா ஜாடை. அச்சு அசல் அவதான்" என்றேன். எனக்கு அக்காவே கிடையாது.

கதவு திறந்தது. இவர் வந்து கேமராவை நீட்டினார். அந்த ஆள் மெனுவைத் திறந்த வேகத்தைப் பார்த்தால் விரல்கள் பல தடவை போய் வந்த வழி என்று தெரிந்தது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இங்க ஒண்ணு இருந்துதே."

"பழசு கைக்கு வந்தா முதல் வேலையா எல்லாத்தையும் அழிச்சிடுவேன் சார். தொழில் பழக்கம்" என்றார் இவர்.

 அந்த ஆள் கேமராவைத் தூக்கி என் மகளுக்கு நேராகப் பிடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் திரை தெரியவில்லை. அவர் விரல் ஷட்டரின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். ஓங்கி ஒன்று விடலாமா என்று எனக்கு வந்தது.

"வெள்ளைதான்" என்றார் கடைசியில். கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "இனி எனக்கு இது எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க."

அவர் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். மகளை உள்ளே அனுப்பினேன். இவர் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது.

"அழிக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்து வெச்சீங்கல்ல?"

"எடுக்கத்தான் போனேன்" என்றார். "அவ ஒண்ணு விடாம அழிச்சிட்டுப் போயிருக்கா. அவளுக்குத் தெரியாம தப்பினது இது ஒண்ணுதான். அதை நான் ஒளிச்சு வெச்சுக்கிட்டா, எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்தார். எத்தனையோ ஆயிரம் முகங்களை மறக்காத மனுஷன், குழந்தை மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீயும் அவளைப் பார்த்தியில்ல? நல்லாப் பார்த்தியில்ல?"