எனக்காகப் பின்னிய வைக்கோல் சப்பாத்து

வைக்கோல் என்றால் மாட்டுக்குப் போடுவது என்றுதான் யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரியும். அதைப் பின்னிக் காலில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடக்கலாம் என்று மெல்பேர்னில் வைத்து ஒரு ஜப்பான்காரி சொன்னபோது, நான் அவளுடைய முகத்துக்கு நேரேயே சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். எழுபதுகளின் நடுவில் எனக்கு ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். பிறகு அவளோடு ஒரு சொல்லும் பேசாமல் விட்டுவிட்டேன். வயது போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு என் கோபத்தைத் தெரியாது.

நாங்கள் அப்போது மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் இருந்தோம். புதுச் செங்கல் வீடுகள், இடையிடையே இன்னும் விற்றுப் போகாத மரக்கறித் தோட்டங்கள், ஒரு தேவாலயம், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை. என் கணவர் மின்சார இலாகாவில் பொறியியலாளர். அவளுடைய கணவன் அதே இடத்தில் மெக்கானிக். வெள்ளைக்காரன். போர் முடிந்த பிறகு படையோடு ஜப்பானுக்குப் போனவன், துறைமுகப் பட்டணம் ஒன்றில் வேலைக்கு வந்திருந்த அவளைக் கண்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் பிறந்தது பட்டணத்தில் அல்ல. வடக்கே மலைகளுக்கு நடுவில், மாரிக் குளிர் வந்தால் கீழ்த்தட்டு யன்னல்கள் பனிக்குள் புதைந்து போகிற ஒரு சின்னக் கிராமத்தில். அதனால் நான் அவளைப் பனியூர்க்காரி என்பேன். நாங்கள் பேசியது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம். அவள் சொன்னதையெல்லாம் எனக்கு வந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

வியாழக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் பெண்கள் கூடுவோம். மண்டபத்தின் சாவியை வைத்திருந்த வெள்ளைக்கார அம்மாவின் ஏற்பாடு அது. தேத்தண்ணீர்ப் போச்சிக்கு, அதுதான் தேத்தண்ணீர் ஊற்றுகிற கெண்டிக்கு, உறை பின்னுவதுதான் வேலை. போச்சிக்குக் குளிரும் என்று கம்பளிச் சட்டை போடுகிற சனத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. ஒரு நாள் பனியூர்க்காரி, "எங்கட ஊரில மாரிக்கு நாங்கள் இதுமாதிரி ஒரு வீட்டில கூடி இருந்து வைக்கோல் வேலை செய்வம்" என்றாள். சாவிக்கார அம்மாவுக்கு அது பிடித்துப் போயிற்று. "லவ்லி! இந்த வின்டருக்கு அப்படியே செய்வோம்" என்றார். அடுத்த வியாழன் குதிரை லாயம் ஒன்றிலிருந்து வைக்கோல் கட்டுகள் வந்து இறங்கின.

கோதுமை வைக்கோல். நெல் வைக்கோல் போல இல்லை, முரடு, சொடக்கென்று முறியும். அதை நனைத்து, மரச் சுத்தியலால் இடித்து இடித்து மெதுவாக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கயிறாக்க வேண்டும். நடுவில் உயரம் குறைந்த ஒரு மேசை, அதன் மேல் பழைய கம்பளி, கம்பளிக்குள் எங்கள் கால்கள். பனியூர்க்காரியின் ஊரில் மேசைக்கு அடியில் கரி நெருப்பு இருக்குமாம். எங்களுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல்கள். உள்ளங்கை எரியும், மூக்கில் தூசி ஏறும். ஆனாலும் அந்த மண்டபத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கயிறு பழகிய பிறகு சப்பாத்துக்கு வந்தோம். அப்போதுதான் அவர்களுடைய ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னாள். தன் காலுக்குத் தானே பின்னக் கூடாதாம். தனக்கென்று பின்னினால் வலிக்கிற இடத்தைக்கூட ஒருத்தி பொறுத்துக்கொண்டு விட்டுவிடுவாளாம். அதனால் உன்னுடையதை நான் பின்ன வேண்டும், என்னுடையதை நீ பின்ன வேண்டும். அவள் ஒரு வைக்கோலை எடுத்து என் குதியிலிருந்து பெருவிரல் வரைக்கும் பிடித்து, நகத்தால் கிள்ளி அளவெடுத்தாள். "இனி உன்ர கால் என்ர பொறுப்பு" என்றாள். என்ன நல்ல வழக்கம் என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

இன்னொரு வியாழன் அரிசி இடித்தோம். ஒட்டுகிற அரிசியை அவித்து, அவளுடைய கணவன் மரக்குற்றியில் குடைந்து தந்த உரலில் போட்டு, பெரிய மரச் சுத்தியலால் இடிக்கிற வேலை. மாவிடிப்பது எனக்குத் தெரியாத காரியமா? சேலையைச் சொருகிக்கொண்டு நானே சுத்தியலை எடுத்தேன். ஆனால் இது வேறு. ஒவ்வொரு இடிக்கும் நடுவில் அவள் நனைந்த கையை உரலுக்குள் விட்டுச் சாதத்தைப் புரட்டினாள். நான் ஓங்க, அவள் கை போகும். அவள் கை வர, என் சுத்தியல் இறங்கும். கொஞ்சம் பிசகினால் விரல் கூழாகிவிடும். நான் அவளுடைய விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே புரட்டினாள், உரலுக்குள் பார்க்கவேயில்லை. என் கைக்குக் கீழே தன் கையை வைக்கிற ஒருத்தியை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதற்கு அடுத்த வாரம் மற்றவர்கள் சமையலறையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் கம்பளிக்குள் கால்களை நீட்டிப் பின்னிக்கொண்டிருந்தோம். "எங்கட ஊரில மனதில கிடக்கிறதை எல்லாம் வைக்கோல் வேலைக்கு இருக்கேக்கதான் சொல்லுவினம். பனி கரைஞ்சால் வயல் வேலை வந்திடும், பிறகு சொல்ல நேரமிராது" என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

என்ன சொன்னேன் என்றால், நான் ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று.

என் கணவர் விமானம் ஏறும்போதே, "கொஞ்ச வருஷம் உழைச்சுப்போட்டு வந்திடுவம்" என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தவர். அந்த மாரி கழிந்ததும் போவதென்று தன் தமையனுக்கு எழுதியும் விட்டார். எங்கே போவது? கலியாணமாகி முதல் இரண்டு வருஷம் நான் இருந்த அதே வீட்டுக்கு. மாமியினுடைய குசினிக்கு. உலைக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பின்னேரத்தில் ஒரு புத்தகத்தை விரித்தால், "வேலையொண்டும் இல்லையோ?" என்று மச்சாளின் குரல் வரும். மெல்பேர்னில் எனக்கு நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. புத்தகம் அடுக்குவதும் இரவல் கொடுப்பதும்தான். காலையில் நானே காரை ஓட்டிக்கொண்டு போவேன். அந்தக் கார்ச் சாவி என் கைப்பைக்குள் கிடந்து கிலுங்குகிற சத்தத்துக்காகவே நான் ஆஸ்திரேலியாவில் இருந்துவிடுவேன்.

"அவர் போனால் போகட்டும். நானும் பிள்ளையும் இஞ்சதான் இருப்பம்" என்றேன்.

"உன்ர மனுசனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவருக்குச் சொல்ல என்னால ஏலாது."

அவள் தலையை இரண்டு முறை மெல்ல ஆட்டினாள், ஏதோ ஒரு பொருளைக் கையில் வாங்கிக்கொள்கிறவள் மாதிரி. எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இப்படியொன்றைச் சொன்னால் அது கிணற்றில் போட்ட கல். சத்தியம் வாங்க வேண்டியதில்லை. அவளிடமும் நான் வாங்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவிருக்கிறது. ஒரு சனிக்கிழமை என் கணவர் எலுமிச்சைக் கன்று ஒன்றை வாங்கிவந்து பின்வளவில் நட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விட்டிட்டுப் போகப்போற வீட்டில ஆருக்கு மரம் நடுறியள்?" என்று கேட்டேன். "கிடக்கட்டும், காய்ச்சால் ஆரும் பிடுங்கட்டும்" என்றார். அவருக்குச் சொல்லத் துணிவில்லாமல், போகிறவள் மாதிரியே நான் பெட்டி கட்டத் தொடங்கினேன். போர்வைகளை மடித்து வைத்தேன், பீங்கான்களைப் பேப்பரில் சுற்றினேன். ஒவ்வொரு பீங்கானும் எனக்குக் கல்லாகக் கனத்தது. நூலகத்தில், நான் போவதென்றால் எனக்குப் பதிலாக ஆள் எடுக்க வேண்டும், முடிவைச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், "வேலையை விடுறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றது. நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

"அப்பிடியோ?" என்றார்.

"வேற என்ன செய்யிறது?" என்றேன்.

அவர் மீண்டும் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். இரவல் மேசையில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

மாரியின் கடைசி வியாழனுக்கு, முறிந்த வைக்கோலையும் பின்னும்போது பிழைத்துப்போனவற்றையும் மண்டபத்தின் பின்னால் ஒரு தகரப் பீப்பாவில் போட்டுக் கொளுத்தினோம். அவளுடைய ஊரிலும் பனிக்காலத்தில் பழைய வைக்கோல் சாமான்களைக் குவித்து எரிப்பார்களாம். அந்த நெருப்பில், நாங்கள் உரலில் இடித்தது மாதிரியான அரிசிக் கட்டியைச் சுட்டுத் தின்றால் வருஷம் முழுக்க நோய் வராதாம். எல்லோரும் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டு நின்றோம். சாவிக்கார அம்மா என் தோளில் கை போட்டார்.

"நீ எங்களோடேயே இருந்துவிடுகிறாயாம். எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்றார்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் பனியூர்க்காரியைப் பார்த்தார். சுற்றி நின்ற மற்றவர்களும் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வியாழன்களாக ஒரே கம்பளிக்குள் கால்களை நீட்டிக்கொண்டு, நெஞ்சுக்குள் பெரிய இரகசியத்தோடு நான் இருந்திருக்கிறேன், அவர்கள் அதைத் தெரிந்துகொண்டே என்னோடு கயிறு திரித்திருக்கிறார்கள்.

பனியூர்க்காரிக்கு முகம் மாறிவிட்டது. "உன்ர மனுசன் இன்னும் உனக்குச் சொல்லேல்லையோ?" என்றாள்.

நான் சொன்ன அன்றைக்கே அவள் தன் கணவனிடம் சொன்னாளாம். அவன் மறுநாள் வேலைத்தலத்துக் கன்ரீனில் வைத்து என் கணவரிடம் சொன்னானாம். அந்த வாரமே என் கணவர், "சரி, போகேல்லை. இருக்கிறம்" என்று அவனுக்குச் சொல்லி, ஊருக்கும் எழுதிப் போட்டாராம்.

"என்ர கழுத்தை அறுத்துப்போட்டாய்" என்றேன். அது ஆங்கிலத்தில் எப்படி வந்ததோ தெரியாது, அவளுக்கு விளங்கியது.

அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "எங்கட ஊரில புருஷனிட்ட நேரே சொல்ல ஏலாததைத்தான் வைக்கோல் வேலைக்கு வந்து சொல்லுவினம். கேட்டவள் அதைத் தன்ர வீட்டுக்குக் கொண்டு போகவேணும். அவளின்ர மனுசன் உன்ர மனுசனிட்டக் கொண்டு போகவேணும். அதுக்குத்தானே நீ சொன்னனீ? நான் பேசாமல் இருந்தால் நான் என்ன சிநேகிதி?" என்றாள்.

கையில் இருந்த அரிசிக் கட்டியை நெருப்புக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் பின்வளவில் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அந்தக் கன்று ஏன் நடப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் நடிக்கவில்லை. "ஓம்" என்றார். "என்ர மனுசி என்ன நினைக்கிறாள் எண்டு ஒரு வெள்ளைக்காரன் சாண்ட்விச்சைக் கடிச்சுக்கொண்டு எனக்குச் சொன்னான். என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்க? நீரே வந்து சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"நான் பெட்டி கட்டினனான்!"

"பெட்டி கட்டேக்க சொல்லுவீர் எண்டு நினைச்சன்."

"வேலையை விட்டனான்!"

"வேலையை விடேக்கையாவது வாயைத் திறப்பீர் எண்டு நினைச்சன்" என்றார். குழாயைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அந்த ஈரமண்ணில் நின்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மாமியின் குசினி இல்லை, மச்சாளின் குரல் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருக்கப்போகிறோம். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் என் கணவரும், அவருடைய கன்ரீன் கூட்டாளியும், அவன் மனைவியும். அந்தப் பேச்சில் ஒரு இடத்திலும் நான் இல்லை. என் வாழ்க்கையை எனக்குத் தெரியாமல் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு, எனக்கு என்றிருந்த ஒரே வேலையை நானே கையால் இன்னொருத்திக்குக் கொடுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

கணவரோடு பிறகும் வாழ்ந்தேன். அவளோடுதான் பேசவில்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நான் நீதவான் இல்லை. அவர் என்னிடம் எதையும் வாங்கி வைத்துக்கொண்டவர் அல்ல. அவள் என் இரகசியத்தை வாங்கினவள். என் சுத்தியலுக்குக் கீழே அவள் விட்ட கையை நான் ஒரு தடவைகூட நசுக்கவில்லை.

நான் மண்டபத்துக்குப் போகாத முதல் வியாழன் பின்னேரம், வாசலில் கார் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. பிறகு கதவைத் திறந்து பார்த்தால், படியில் பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு பொட்டலம். வைக்கோல் சப்பாத்துச் சோடி. குதிக்கு மட்டும் தனியாக ஒரு சிவப்புத் துணியை உள்ளே வைத்துப் பின்னியிருந்தாள், தேய்க்காமல் இருக்க. அவளுக்காக நான் தொடங்கிய சப்பாத்து ஒற்றைக் காலோடு என் அலுமாரிக்குள் கிடந்தது.

குப்பைத் தொட்டியில் போடத்தான் கொண்டுபோனேன். போடுவதற்கு முன்னால், எங்கேயாவது இறுகினால் திட்டலாம் என்று, கதவடியில் குந்தியிருந்து இரண்டையும் காலில் போட்டுப் பார்த்தேன். எந்த இடத்திலும் இறுகவில்லை. குதியிலிருந்து பெருவிரல் வரைக்கும் அளவு அச்சொட்டாக இருந்தது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.