கதை பழசு, தண்ணீர் புதுசு

கதை பழசு, காட்சி மட்டும்தான் கண்ணைப் பறிக்கிறது என்று யாராவது ஒரு படத்தைக் குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். என் பேரன்கள் இரண்டு பேருக்கும் இதே வேலை. படம் பார்த்துவிட்டு வந்ததும் இதை எங்கே சுட்டான், அதை எங்கே எடுத்தான் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்ததா இல்லையா என்று நான் கேட்பேன். இருந்தது, அதனால் என்ன என்பார்கள். அதனால் என்ன என்றா கேட்கிறீர்கள் என்று நான் பிடித்துக்கொண்டால் சோறு ஆறிப்போகும். நான் இறங்கி வந்ததே இல்லை. ஒன்பது வயதில் என் அப்பாவிடமே இறங்கி வராதவள், இந்தப் பொடியன்களிடமா வருவேன்?

அப்பா நெய் வியாபாரி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கட்டுத்தரையில் எங்கள் எருமைகள் போக, சுற்றுவட்டாரத்து நெய்யெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, டின்னில் அடைபட்டுச் சேலத்துக்குப் போகும். அப்பா நெய்யை நாக்கில் வைக்கமாட்டார். புறங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்து மோந்து பார்த்தால் போதும், காய்ச்சி எத்தனை நாளாயிற்று, பழையது கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்குக்கு ஊரில் ஏக மரியாதை. அதனால் அதை நெய்யோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாவற்றிலும் நுழைத்தார்.

அந்தப் பங்குனியில் சேலத்தில் ஒரு படம் ஓடியது. உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டிய காலம். ஆனாலும் அந்தப் படத்துக்கு ஜனம் அலை மோதியது. காவிரியில் வெள்ளம் வருவதை அப்படியே பிடித்துக் காட்டியிருக்கிறான், முன்வரிசையில் இருப்பவன் காலைத் தூக்கிக்கொள்கிறான் என்று பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலாட்டத்துக்கு அப்பா எங்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போனார். அம்மா, நான், சித்தப்பா, சித்தப்பாவுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த சின்னம்மா.

சின்னம்மாவுக்குப் பிறந்த ஊர் காவிரிக்கரையில் ஜேடர்பாளையம். தலைப்பிரட்டு ஆடிக்கு, அதாவது கல்யாணமான முதல் ஆடிக்கு, சீர் வந்ததில் ஏதோ குறை என்று எங்கள் பக்கத்தில் முகம் சுளித்தார்கள். மறு ஆடிக்குப் பெண்ணை அழைக்க வந்தவர்களை அப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. சின்னம்மா அதைப்பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அதிகம் பேசாத பெண். எங்கள் வீட்டில் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படத்தின் கதை இதுதான். ஒரு ராஜா, இரண்டு ராணி. இளையவள் சூழ்ச்சி செய்து மூத்தவளைக் காட்டுக்கு விரட்டுகிறாள். மூத்தவளுக்குப் பிறந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். அப்புறம் மோதிரம், மச்சம், கடைசியில் எல்லாரும் ஒன்று சேர்ந்து மங்களம். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையிலிருந்து அப்பாவின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இப்ப பால்ல விஷத்தக் கலப்பா பாரு என்பார், அவள் கலப்பாள். இப்ப தோழி பெட்டியோட வருவா பாரு என்பார், தோழி வருவாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளம் வந்தபோது அப்பாவுக்கே பேச்சு நின்றது. ஆடிப்பெருக்கு அன்று நிஜமான ஆற்றிலேயே எடுத்திருந்தார்கள். குறுக்கே அணையின் நீளத்துக்கும் தண்ணீர் வெள்ளையாகப் புரண்டு விழுந்தது. கரையில் நூற்றுக்கணக்கான பெண்கள், பின்கொசுவம் வைத்த சேலை, இடுப்பில் குடம், கையில் கருகமணியும் காதோலையும். அவர்களைத் தாண்டி அந்தப் பெட்டி மிதந்து போகிறது. நானும் காலைத் தூக்கிக்கொண்டேன். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கிவிட்டது. மற்றவர்களைப் போல அவளும் மிரண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா தீர்ப்புச் சொன்னார். பழைய நெய்யைப் புது டின்னில் ஊற்றியிருக்கிறான், டின் பளபளப்பதைப் பார்த்து ஊரே ஏமாறுகிறது என்றார். அம்மா தலையை ஆட்டினாள். சித்தப்பா அதற்கு முன்பே ஆட்டிவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. அப்பா நெய் மோந்துகொண்டிருந்த இடத்துக்குச் சின்னம்மா வந்து, அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்றாள். அப்பா சிரித்தார். தெரிந்த கதையை எதற்கு இரண்டு தரம் பார்க்கவேண்டும் என்று கேட்டார். சின்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் கணீரென்று சொன்னாள்:

"கதை எனக்கு வேண்டாமுங் மாமா. தண்ணியப் பாத்தாப் போதும்."

எனக்கு அந்தப் பதில் ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. அப்பாவின் மூக்குக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் வைத்ததில்லை. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, முடியாது என்றார். வாரம் முழுக்கச் சின்னம்மா மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் அதே பதில். வருகிற ஞாயிறு கழித்து இன்னும் ஒரு ஞாயிறுதான், பிறகு படப்பெட்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். கடைசித் தரம் கேட்டபோது அப்பா, போறதானா அப்படியே போயிர வேண்டியதுதான், திரும்பி இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிறந்த வீட்டுக்கும் வழி அடைத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டினாள், சோறாக்கி இறக்கினாள், தலையை வாரி நல்ல சேலை கட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரிலேயே வாசலைத் தாண்டினாள். ஒளியவில்லை, கோவிலுக்கு என்று பொய் சொல்லவில்லை. போய்ட்டு வாரேனுங் மாமா என்று முறைப்படி சொல்லிவிட்டுத்தான் நடந்தாள். சித்தப்பா கட்டுத்தரையில் எருமை வாலைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு நடந்த மாதிரி நிமிர்ந்து நான் பிறகு என் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை.

இந்தத் தரம் வெள்ளம் வந்தபோது நான் நன்றாகக் கவனித்தேன். கரையில் எல்லாப் பெண்களும் ஆற்றைப் பார்க்கிறார்கள், ஒரே ஒரு அம்மாள் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். வயசான முகம், கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூர்ந்து பார்க்கிறாள். கொட்டகையே சிரித்தது. படம் பிடிக்கிற பெட்டியைப் பட்டிக்காட்டுக் கிழவி வெறிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். சின்னம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங் சிரிக்கறீங்க? அது எங்கம்மாங்க."

பெண்கள் பக்கம் பட்டென்று அடங்கியது. அதற்குள் அந்த முகம் போய் ராஜசபை வந்துவிட்டது. மிச்சப் படம் முழுவதும் சின்னம்மா தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, உங்கள் அம்மா ஏன் மற்றவர்களைப் போல ஆற்றைப் பார்க்காமல் படம் பிடிக்கிற பெட்டியைப் பார்த்தார்கள் என்று கேட்டேன். சின்னம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"அவிய பொட்டியப் பாக்குல சாமி. அந்தக் கரைமேலதான் நம்மூருப் பக்கத்து வண்டியெல்லாம் வந்து நிக்கும்."

எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பெட்டியை வைத்தவன் வண்டிப்பாதையில் வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

வீட்டு வாசலில் அப்பா கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னம்மா படிக்குக் கீழே நின்றாள். திரும்பிப் போகவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சின்னம்மாவிடம் பேசாமல் என்னைக் கூப்பிட்டார். அந்தப் படத்தில் அப்படி என்ன அதிசயம் வைத்திருக்கிறான், போன வாரம் பார்க்காத கதை ஏதாவது இந்த வாரம் முளைத்ததா என்று கேட்டார். கேட்கும்போதே கை ஓங்கியிருந்தது. அடி எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.

கதை அதே கதைதான், தண்ணீர்தான் நன்றாக இருந்தது என்றேன். அவர் கண் சிவந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நாக்கு நீளம். சின்னம்மாவின் அம்மா அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அவர்களைத்தான் பார்த்துவிட்டு வந்தோம் என்று போட்டு உடைத்தேன். உடைத்ததோடு ஒரு நியாயமும் கேட்டேன்.

"இவியள ஒருக்கா அவிய அம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சிருந்தா, சினிமாவுக்கு எதுக்குங்கப்பா போறாங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அப்பா எழுந்து கட்டிலைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தோட்டத்துப் பக்கம் போனார். சின்னம்மா படியேறி உள்ளே வந்து உலை வைத்தாள். அடுத்த ஞாயிறு அவள் மறுபடியும் என்னை அழைத்துக்கொண்டு சேலம் போனாள். அப்பா தடுக்கவில்லை. படத்தைப்பற்றி அதன் பிறகு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கதை பழசானால் என்ன, காட்சி நன்றாக இருந்தால் போதும் என்று அப்பாவையே ஒப்புக்கொள்ள வைத்தவள் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா காலமான பிறகுதான் அம்மா சொன்னாள். அதற்கு முந்தைய கார்த்திகையிலேயே சின்னம்மாவின் அம்மா இறந்துபோயிருக்கிறாள். அந்த மாதம் ஊரில் அம்மை போட்டிருந்தது என்று என்னைத் தம்மம்பட்டியில் மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். வழியில் போன வண்டிக்காரன் ஒருவன் வந்து சாவுச் செய்தி சொன்னானாம். சம்பந்தி வீட்டுக்கு முறையாக ஆள் விட்டல்லவா சொல்லவேண்டும், ஆள் வரட்டும் என்று அப்பா வண்டி பூட்டவிடாமல் உட்கார்ந்துவிட்டார். முறையான ஆள் வந்து, சின்னம்மா போய்ச் சேர்ந்தபோது காட்டுக்கு எடுத்துப்போய் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க ஒரு படமும் அந்த வீட்டில் கிடையாது.

வாசலில் அன்றைக்கு நின்றவர்களில் இது தெரியாதவள் நான் ஒருத்திதான்.