ராகு காலத்தில் வந்த தார் லாரி

நேற்று பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய கடையின் முன்னால், கார் நிறுத்தும் இடத்துக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றேன். சிலருக்கு மல்லிகை, எனக்குச் சூடான தார். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம்.

அந்த வாடை வந்தால் பின்னாலேயே பருத்திப்பட்டு ஏகாம்பரம் அண்ணனும் நினைவுக்கு வந்துவிடுவார். ஏரிப் பக்கம் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனதும் பாத்திரக்கடை வைத்தார். அடுக்குமாடிக்காரர்கள் காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். அதனால் கடைக்கு முன்னாலிருந்த காலி மனைக்குத் தார் போட, அப்போது நான் வேலை பார்த்த காண்டிராக்டரைக் கூப்பிட்டார். நான் தனியாகப் பார்த்த முதல் வேலை அது. சொதப்பினால் திங்கட்கிழமை வராதே என்று காண்டிராக்டர் அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மண்ணை வெட்டி, ஜல்லி பரப்பி, மழைத்தண்ணீர் கால்வாய்க்கு ஓட வாட்டம் பார்த்து அழுத்தும் வரை ஒரு குறையுமில்லை. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் ரோலர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, ஜல்லிமேல் தாரும் தெளித்து வைத்தோம். சூடான தார்க்கலவை ஏற்றிய லாரிதான் வரவில்லை. செம்பரம்பாக்கத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, அது வந்து நின்றபோது மணி பத்தரை. ராகு காலம் ஆரம்பம்.

அண்ணன் லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார். பன்னிரண்டுக்கு மேல் கொட்டு என்றார். இதற்கு முன் வைத்த முதல் கடையை ராகு காலத்தில் திறந்து, ஒரே வருஷத்தில் மூடிச் சூடு பட்டவர். கலவை என்ன இட்லி மாவா, காத்திருக்க? ஆறினால் கட்டிதட்டிப் போகும், எவ்வளவு உருட்டினாலும் பிடிக்காது என்று கெஞ்சினேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. கூடவே என் வேலையும் போய்க்கொண்டிருந்தது.

எங்களுக்கு மோர் கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா அக்கா விஷயத்தைக் கேட்டார்.

“இன்னாய்யா நீ, காலைலயே பழம் நசுக்கியாச்சு, தாரும் தெளிச்சாச்சு. வேலை அப்பவே ஆரம்பிச்சிடுச்சு, இது பாக்கி. பாதி சோத்துல ராகு காலம் வந்தா எலைய உட்டு எழுந்துடுவியா?”

அண்ணன் விரித்த கையை இறக்கினார். அவருக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்க வேண்டும்.

“அதுவும் கரீட்டுதான். கொட்டு நைனா.”

பேய் பிடித்தவர்கள் போல வேலை செய்தோம். கொட்டக் கொட்ட இழுத்துச் சமப்படுத்தி, சக்கரத்தில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் விட்டபடி ரோலரை ஓட்டினோம். ஓரத்தில் நின்ற அக்கா, இங்கே பள்ளம், அங்கே மேடு என்று அதட்டிக்கொண்டே மோர் ஊற்றினார். சாயங்காலம் பார்த்தால் பளபளவென்று அப்படி ஓர் அழகு. என்றாலும் சூடு போதுமானதாக இருந்ததா என்கிற உதறல் எனக்குள் பல மழைக்காலம் ஓடியது.

பிறகு அண்ணன் போய்விட்டார், அடுத்த வருஷமே அக்காவும். பிள்ளைகள் கடையை விற்றார்கள். அங்கே அடுக்குமாடி கட்டத் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தனியாகப் போய் நின்றேன். பொக்லைன் பல் போட்டு இழுத்தும் தார் லேசில் பெயரவில்லை. ஓட்டுகிறவர் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தார்.

“எவன்யா இத போட்டது, பேத்து எடுக்கவே முடில?”

“நாங்கதான்,” என்றேன் பெருமையாக.

அவர் என் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.