கொடிக்கு வைத்த மஞ்சள்

எங்கள் ஊர் ஊராட்சிக்கு நான் தலைவராகி வந்த முதல் ஆகஸ்ட் அது. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்ற வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்தவர் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. டீக்கடையில் ஒருவர், "அந்தம்மா எப்புடி ஏத்துதுன்னு பாக்கத்தானே போறோம்" என்று சொன்னது என் காதுக்கும் வந்தது. கொடி பாதியில் சிக்கினாலும், தலைகீழாகப் பறந்தாலும் ஊர் வாயை மூட முடியாது. அந்தப் பயத்தில் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய கொடியை எடுத்துப் பார்த்தால் காவி வெளுத்து மண் நிறமாகியிருந்தது. ஊராட்சிக் கிளார்க் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பளபளவென்று ஒரு பாலியெஸ்டர் கொடி வாங்கி வந்தார். விரித்தேன். நடுவில் இருக்க வேண்டிய சக்கரம் ஓரமாக ஒதுங்கியிருந்தது, அதுவும் கோழிமுட்டை மாதிரி.

"இத யாருங்க கீழ நின்னு பாக்கப் போறாங்க? நம்ம பட்ஜெட்டுக்கு இது போதுங்க" என்றார்.

"நான் பாப்பேன்ல" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாளே நான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். ஆகிற செலவில் குறைவதை நானே போட்டுக்கொள்வதென்று முடிவு.

கதர்க் கடைக்காரரிடம் போன வேகத்தில், "இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க" என்றேன்.

அவர் அசரவில்லை. "கம்பம் எத்தன அடிங்க?"

தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த எட்டு வருஷமும் அந்தக் கம்பத்துக்கு எதிரே நின்றவள் நான். அதன் உயரம் தெரியாது. தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து அளந்து, பாதியாக்கி, இருபது அடி என்றார்.

"அப்பன்னா நாலரைக்கு மூணு போதும்மா. ஆறடிக் கொடி வாங்குனீங்கன்னா கனம் தாங்காது, காத்து இல்லாட்டி கம்பத்தச் சுத்திக்கிட்டுத் தொங்கும். ஆபீஸ் கட்டடத்து மேல வருசம் பூரா பறக்கணும்னா வேற. உங்களுக்கு வருசத்துக்கு ரெண்டு நாளு. கதர்லயே எடுங்க, மடிச்சு வச்சா பல வருசம் வரும்."

பிறகு அவர் செய்ததை வாய் பிளந்து பார்த்தேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பச்சையில் அழுத்தித் தேய்த்தார். காவியிலும் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கயிறு கோக்கிற பட்டியை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கச் சக்கரமும் பின்பக்கச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தி நின்றன. ஆரக்கால்களை எண்ணினேன். இருபத்துநாலு. யாரோ ஒருவர் நூற்று, யாரோ ஒருவர் நெய்து, யாரோ இவ்வளவு கவனமாக அச்சடித்திருக்கிறார்கள். சட்டையில் குத்துகிற காகிதக் கொடியைத் தவிர வேறு கொடியை அதுவரை நான் தொட்டதே இல்லை. கையில் வாங்கியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பும் வழியில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வந்தது. வீடு வரும்வரை கொடியை மடியைவிட்டு இறக்கவில்லை.

பதினாலாம் தேதி காலையில் குளித்துவிட்டு வந்தால், அம்மா கொடியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"புதுத்துணியாச்சே. மஞ்ச வைக்காம எப்புடிடி?"

எங்கள் வீட்டில் சட்டையானாலும் சேலையானாலும் முனையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடுத்தியதில்லை. அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கத்திவிட்டேன். "கொடியில ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. நாளைக்கு ஊரே சிரிக்கும். உனக்கு அறிவு இருக்கா?"

அம்மா பதறிப்போய்ச் சோப்பை எடுத்துத் தேய்த்தாள். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சோப்பு போக அலசிவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னாள். "மஞ்சளுக்கு வெயிலு ஆவாதுடி. காய வை."

கட்டிலில் வெளுத்த வேட்டியை விரித்து, அதன்மேல் கொடியைப் பரப்பினோம். கோழி வராமல் அம்மா குச்சியோடு நின்றாள். மத்தியானச் சோறுகூடச் சாப்பிடவில்லை. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் வெளிறியது. மூன்று மணிக்குக் கண்ணுக்கு அருகில் வைத்துத் தேடினேன். கறை இருந்த இடமே தெரியவில்லை. அத்தனை தேய்ப்பிலும் பச்சை ஒரு சொட்டு வெள்ளைக்குள் இறங்கவில்லை. கடைக்காரரின் கைக்குட்டையை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவை வேலைக்குப் போக வேண்டாமென்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்குள் முன்வரிசையில் உட்காரவைத்தேன். அந்த மைதானத்தை இருபது வருஷம் பெருக்கியவள் அவள். கொடி ஏற்றுகிற நாளில் விடியும்போதே பெருக்கிவிட்டு வயலுக்குப் போவாள். சாயந்தரம் வந்து மறுபடி பெருக்குவாள்.

கயிற்றை இழுத்தேன். உச்சியில் முடிச்சு அவிழ்ந்து கொடி விரிந்தது, காற்று வந்து அதைத் தூக்கியது. அடேயப்பா, என்ன நிறம்! உள்ளே மடித்து வைத்திருந்த பூவெல்லாம் என் தலையில் கொட்டியது. டீக்கடையில் பேசியவர் உட்பட எல்லாரும் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

முடிந்ததும் அம்மாவிடம் போனேன். அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூவு கொடிக்குள்ளேருந்தா வருது?"

"ஆமாம்மா."

"சாயந்தரம் வந்தா கம்பத்தடியில பூவா கெடக்கும். யாரோ கம்பத்துக்குப் படைச்சிருக்காங்கன்னுல்ல நெனச்சேன். அதான் கொடிக்கும் மஞ்ச வச்சேன்."

எட்டு வருஷம், வருஷம் தவறாமல், அந்தப் பூ கொட்டுவதை அண்ணாந்து பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மிட்டாயைக் காட்டியிருக்கிறேன். பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.